சட்னியில் கிடந்த முடி

துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்லக்கிளியின் இட்லிக்கடை. மாவு ஆட்டுவது, அடுப்பைப் பார்ப்பது எல்லாம் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் காலை, கூட்டம் நிற்கிற நேரம் பார்த்து சுகாதார ஆய்வாளர் தணிகாசலம் வந்தார். நேரே அடுப்படிக்குள் போய், சட்னிச் சட்டியில் மூக்கு முட்டாத குறையாகக் குனிந்தார். நிமிரும்போது கையில் ஒரு முடி!

"ஐயய்யோ!" என்று நாலு பேர் தட்டை வைத்துவிட்டு எழுந்தே விட்டார்கள்.

"கடைக்கு இப்பவே சீல் வைக்கிறேன்."

"சார், இந்தக் கடைதான் எம்பிள்ளைங்களுக்குச் சோறு போடுது. அது யார் முடின்னு பார்த்தீங்களா?"

"சமைக்கிறவ முடி இல்லாம, சாமி முடியா?"

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். இத்தனை பேரும் சாட்சி."

'முடி செல்லக்கிளியுடையது' என்று விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். செல்லக்கிளி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள்.

பளபளவென்று மொட்டை! முந்தாநாள்தான் சமயபுரத்தாளுக்கு முடி கொடுத்திருந்தாள்.

"காலையிலேர்ந்து இந்த அடுப்படிக்குள்ள வந்தது நானும் நீங்களும்தான். அந்த முடியை வெளிச்சத்துல காட்டுங்க சார்."

விரல் நீளம்கூட இல்லை. நுனி கறுப்பு, வேர் வெள்ளை. அத்தனை கண்ணும் ஆய்வாளரின் மை பூசிய தலைக்குத் தாவியது.

"அடுப்படிக்குள்ள வர்றவங்க தலையை மூடணும்னு நோட்டீஸ் ஒட்டினது நீங்கதானே சார்?" என்றபடி, சட்டியோடு சட்னியைத் தூக்கிக் கொட்டினாள்.

தணிகாசலம் எழுதின தாளைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார். பேரை மட்டும் மாத்தி எழுதிருங்க."