வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்த நொச்சி

கடல் உப்பை மாட்டு வண்டியில் ஏற்றி, மலைநாடு வரை கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிய வணிகர் கூட்டம் ஒன்று, ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே இருந்தது. கூட்டத்துக்குத் தலைவர் பெருஞ்சாத்தன். அவருக்கு ஒரு மகள், பெயர் நொச்சி. வாய் மூடாத பெண்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். வண்டி கிளம்பிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிற காரியம் உருப்படாதாம். சிரிக்காதீர்கள். படி இறங்கியவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் நம் வீடுகளில் இன்றைக்கும் சண்டைதானே!

சின்னப் பிள்ளைதானே என்று நொச்சியை மட்டும் விட்டுவிட்டார்கள். மூட்டை ஏற்றிய வண்டியில் முன்னால் இடமும் இல்லை. அவள் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கடந்து வந்த வழியையே பார்த்துக்கொண்டு போவாள்.

ஒரு கோடையில் பாலை நிலத்தைக் கடந்தார்கள். நடுவே ஒரே ஒரு சுனை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மேலே நடந்தார்கள். நொச்சிக்குப் பொழுது போக வேண்டுமே! சுனைக்கரையில் வளைந்து நின்ற பனை, அவளுக்கு இருமுகிற கிழவன். அடுத்து வந்த பாறை, முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமியார். அதற்கும் அப்பால் வந்த குன்று, படுத்து அசைபோடும் எருமை. அவர்களுக்குள் சண்டை, சமாதானம் எல்லாம் அவளே செய்துவைத்தாள்.

"மாமியாருக்கு ஏன் கோவம் தெரியுமா அப்பா? கிழவன் இருமி இருமித் தூங்கவே விடலையாம்."

"சும்மா வா புள்ள" என்றார் அப்பா. திரும்பவில்லை.

உப்பு தீர்ந்தது. நெல் ஏற்றிக்கொண்டு அதே வழியே ஊருக்குக் கிளம்பினார்கள். பாலையில் கால் வைத்த அன்றே சூறைக்காற்று. அது ஓய்ந்தபோது வண்டித்தடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தலைவர் பதறவில்லை. "கூர்மூக்குப் பாறையத் தேடுங்க. போகும்போது சுனைய விட்டதும் அதுதான எதுக்க நின்னுச்சு."

கிழக்கே தேடினார்கள். தெற்கே தேடினார்கள். வடக்கே தேடினார்கள். கூர்மூக்கு எங்குமே இல்லை. தண்ணீர்த் தோல்பைகள் வற்றின. ஒரு காளை முட்டி மடக்கிப் படுத்துவிட்டது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு அண்ணே" என்று அழுதாள்.

வண்டி நின்றதால் நொச்சி இறங்கி முன்னால் வந்தாள். வந்தவள் துள்ளினாள்.

"அப்பா, அதோ எருமை! அதத் தாண்டுனா மாமியார். மாமியாரத் தாண்டுனா கிழவன். கிழவன் காலடியிலதான் தண்ணி!"

"வெயில்ல பிள்ளைக்குப் பித்தம் ஏறிடுச்சு" என்றார் ஒருவர்.

தலைவருக்கோ விசித்திரமாக இருந்தது. "நாங்க யாரும் பாக்காத எருமை, உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க அந்தப் பக்கமிருந்து பாத்தீங்க. நான் இந்தப் பக்கமிருந்து பாத்தேன்."

மாடுகளுக்கு இன்னும் ஒரு திசைக்குத்தான் தெம்பு இருந்தது. அதுவும் தவறினால் அத்தனை பேரும் அங்கேயே மண்ணாக வேண்டியதுதான். அவர் மகள் முகத்தைப் பார்த்தார், குன்றைப் பார்த்தார். "எருமைப் பக்கம் ஓட்டுங்கடா" என்றார்.

எருமையைக் கடந்தார்கள். மாமியாரும் வந்தாள், நொச்சி சொன்னபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு. பாறையைத் தாண்டியதும் தலைவருக்கு மனம் கேட்கவில்லை. வழக்கமாவது ஒன்றாவது! திரும்பிப் பார்த்தார். அங்கே நின்றது அவர் தேடித் தேடி அலைந்த கூர்மூக்கு! ஒரே பாறைதான். போகிறவருக்கு ஒரு முகம், வருகிறவருக்கு வேறு முகம்.

சற்றுத் தொலைவில் கிழவன் வளைந்து நின்றான். காலடியில் தண்ணீர். முதல் கையளவு குழந்தைக்குப் போயிற்று, பிறகு காளைகளுக்கு, கடைசியில் மனிதர்களுக்கு.

மறுபடி வண்டி பூட்டியபோது தலைவர் கயிற்றை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். மகள் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். "கிழவனுக்கு ஏன் இருமல் வந்துச்சு? மொதல்லருந்து சொல்லு புள்ள" என்றார். அடுத்த பயணத்தில் அந்தக் கூட்டத்தில் கழுத்துச் சுளுக்கிக்கொண்டவர்கள் அநேகம் என்று கேள்வி.

விளையாட்டாகவாவது நாலு பக்கமும் பார்த்து வைத்த கண்ணுக்குத்தான், வழி தவறிய நேரத்தில் வழி தெரியும்.