இரண்டு முறை ஏறிய அழுகை

பிறந்து ஒன்றரை மாதமான ஓர் ஆண் குழந்தையின் தொண்டையில் ஓர் அழுகை குடியிருந்தது. அதற்குத் தெரிந்தது ஒரே வழிதான். விர்ரென்று ஏறும், சர்ரென்று இறங்கும். பசித்தாலும் அப்படி, தொட்டில் நனைந்தாலும் அப்படி.

ஒருநாள் மத்தியானம் குழந்தையின் காலில் சுரீரென்றது. அழுகை வழக்கம்போல ஏறி இறங்கியது. தாய் ஸ்டெல்லா பால் கொடுத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஆம்பளப் புள்ளைக்கு இவ்வளவு அழுகையா? கொஞ்ச நேரம் விடு, தானா அடங்கிருவான்" என்றான் தகப்பன் மிக்கேல்.

அழுகைக்குப் பொறுக்கவில்லை. வலியோ கூடிக்கொண்டே போனது.

"ஒரே மாதிரி கத்தினால் எப்படிப் புரியும்?" என்று ரத்தத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வந்து நின்றாள்.

"நீ பெண்களுக்கானவள். இவனிடம் உனக்கென்ன வேலை?" என்றது அழுகை.

"அது வெளியே இருப்பவர்கள் பேச்சு. நான் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறேன்."

பக்கத்தில் மிதந்த டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் தலையசைத்தான். "இந்தக் குரலைத் தடிப்பாக்க எனக்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது. இப்போது அவள் சொல்வதைக் கேள்."

"இறங்கும்போதே மறுபடி ஏறு" என்றாள் ஈஸ்ட்ரோஜன்.

அழுகை முயன்றது. பாதியில் உடைந்தது. மூச்சு போதவில்லை. விடவில்லை அது, அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கிளம்பியது. ஏறியது, இறங்கியது, இறங்கிய வேகத்திலேயே இன்னொரு மேடு ஏறியது.

சமையலறைக்குப் போன ஸ்டெல்லா அப்படியே நின்றாள். "ஏங்க, இது பசி அழுகை இல்ல. இவன் இப்படி அழுததே இல்ல."

"எல்லா அழுகையும் ஒண்ணுதான."

அவள் திரும்பி வந்து குழந்தையைத் தூக்கினாள். குழந்தையின் துணி முழுவதையும் அவிழ்த்தாள். காலுறையையும் கழற்றினாள். அவளுடைய தலைமுடி ஒன்று சுண்டுவிரலை இறுக்கிச் சுற்றியிருந்தது. விரல் நாவல்பழமாக வீங்கிக் கிடந்தது.

"காலை அசையாமப் பிடிங்க!"

மிக்கேல் பிடித்துக்கொண்டான். அவள் நகத்தால் நெம்பி, முடியை அறுத்தெடுத்தாள். மெல்ல மெல்ல விரலில் சிவப்பு திரும்பியது. மிக்கேல் அந்தக் காலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் குழந்தை சிணுங்கியதுமே அவன் எழுந்து ஓடினான். "என்னய்யா? அப்பாட்ட சொல்லு."

அழுகை திகைத்தது. இதுவரை யாரும் அதனிடம் எதுவும் கேட்டதில்லை.