கழுதையைக் கேட்டவன்

ஆற்றுப் பனி அரண்மனை வாசல்வரை வந்து படுத்துக்கிடந்த முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். கனவில் கண்டதையெல்லாம் அவர் கட்டிவிடுவார். ஓரிரவு வெள்ளைக் கல்லால் ஆன சந்தையைக் கனவு கண்டார்; ஆற்றங்கரையில் அதையும் கட்டினார். பனிக்குள் அது மேகம் தரையிறங்கியதுபோல் மிதந்தது. ஆனால் யாரும் வரவில்லை. ஊரே பழைய புளியந்தோப்புச் சந்தைக்குத்தான் போயிற்று. வெள்ளைத் தூண்களுக்கு நடுவே புறாக்கள் உலாவின.

ராஜா சபையில் காரணம் கேட்டார். தோப்பை வெட்டிச் சாய்த்தால் சனங்கள் தானாக வருவார்கள் என்றார் மந்திரி மகுடேசர். விகடகவி சடையாண்டி மட்டும், "கேட்டுச் சொல்கிறேன், மகாராஜா" என்றான். எந்தக் காரியத்துக்கும் அவன் அதைத்தான் சொல்வான். நாலு பேரை விசாரித்து, நேரில் போய்ப் பார்த்த பிறகே யோசனை சொல்வான்.

அவன் யோசனைகள் பலித்துவந்ததில் மகுடேசருக்கு நெடுநாள் எரிச்சல். "ஊராரைக் கேட்டுச் சொல்ல விகடகவி எதற்கு, மகாராஜா? இம்முறை எந்த மனிதரையும் கேட்காமல் சொல்லட்டும். கேட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜா பாதிக் கனவில் தலையசைத்தார். அதுவே உத்தரவாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் தோப்பும் போகும், சடையாண்டியும் போக வேண்டும்.

சடையாண்டி ஆற்றோரமாக நடந்தான். இந்தத் தண்ணீரின் சத்தம் கேட்காத ஊரில் எப்படித் தூங்குவது என்று நினைத்தான். 'எந்த மனிதரையும்' என்ற சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே பழைய சந்தைக்குள் நுழைந்தான். மகுடேசரின் ஒற்றனும் பின்னாலேயே வந்தான்.

உப்பு மூட்டையோடு நின்ற ஒரு கழுதையைச் சடையாண்டி கும்பிட்டான். "கழுதையாரே, புதுச் சந்தைக்கு நீர் ஏன் போவதில்லை?"

"அதுக்கென்ன சாமி தெரியும்? என்னைக் கேளுங்க" என்றான் உப்புக்காரன்.

"உன்னைக் கேட்கக்கூடாதப்பா. நான் இவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்."

கழுதைக்கு உள்ள மரியாதை தனக்கில்லையா என்று உப்புக்காரனுக்கு ரோசம் வந்துவிட்டது. கல்தரை வழுக்குகிறது என்று தானாகவே கொட்டித் தீர்த்தான். ஆட்டைக் கேட்டபோது ஆட்டுக்காரர் தூரம் என்றார். சேவலைக் கேட்டபோது அதன் சொந்தக்காரி சகுனம் சரியில்லை என்றாள். எதுவும் சடையாண்டி மனசுக்குப் பொருந்தவில்லை. வழுக்காத காலும் தூரமில்லாத வீடும் உள்ளவர்கள்கூட அங்கே போகவில்லையே.

கடைசியில் ஒரு பூசணிக்காயைக் கேட்டான். தலைக்கூடையோடு அதைத் தோளுயரச் சுமைதாங்கிக் கல்லில் இறக்கிக்கொண்டிருந்த வள்ளாத்தாள் வெடுக்கென்று திரும்பினாள்.

"அந்த வெள்ளைக் கட்டடத்துல இந்தக் கல்லு ஒண்ணு இருக்கா சாமி? தனியா சுமந்துட்டு வர்றவ எங்க இறக்குவா? சுமையோடயே நின்னு சுமையோடயே திரும்பணும்."

சடையாண்டி கையை நீட்டி அந்தக் கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு புதுச் சந்தைக்குப் போனான். பனிக்குள் தூண் தூணாகச் சுற்றினான். கழுத்து இற்றுப்போனபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை ராஜாவும் சபையும் வெள்ளைச் சந்தையில் கூடினார்கள். அவன் ஊரையே கேட்டுவிட்டான் என்று மகுடேசர் முறையிட்டார். ஒற்றனை அழைத்து விசாரித்தால், கழுதை, ஆடு, சேவல், பூசணிக்காய் என்று உள்ளதைச் சொன்னான். மனிதர் ஒருவருமில்லை.

"காரணத்தை மந்திரியாரே சொல்வார், மகாராஜா" என்று சடையாண்டி பூசணிக் கூடையை மகுடேசர் தலையில் ஏற்றினான். "காய் உடையாமல் தனியாக இதை இறக்கிவிட்டால் நான் நாட்டைவிட்டுப் போகிறேன்."

மகுடேசர் குனிந்தால் கூடை சரிந்தது. நிமிர்ந்தால் கழுத்து வலித்தது. பனியில் தூணுக்குத் தூண் சுற்றிவிட்டு, "மகாராஜா, இதை இறக்கி வைக்க இங்கே ஓர் இடமும் இல்லையே" என்று முனகினார்.

ராஜாவுக்குச் சட்டென்று விளங்கியது. கனவில் யாரும் எதையும் சுமப்பதில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். வாசல்தோறும் சுமைதாங்கி வைக்கவும், தோப்பைத் தொடாமல் விடவும் ஆணையிட்டார். பிறகு, "சடையாண்டி, என்ன பரிசு வேண்டும்? கேள்" என்றார்.

சடையாண்டி மகுடேசர் தலைக்கூடையிலிருந்த பூசணிக்காயைக் கும்பிட்டு, "பூசணிக்காயாரே, மனிதரைக் கேட்கக்கூடாது என்ற உத்தரவு இன்னும் இருக்கிறதா?" என்றான்.

ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உத்தரவை அங்கேயே ரத்து செய்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இது என் பிரியத்துக்கு. உனக்கு வேண்டியதைச் சொல்."

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், மகாராஜா."

ராஜா சிரித்த சிரிப்பில் வெள்ளைத் தூண்களிலிருந்த புறாக்களெல்லாம் பனிக்குள் எழும்பிப் பறந்தன.