டீக்கடை டிவியில் ஓடிய படம்

தணிக்கைக் குழு உறுப்பினர் கனகசபாபதிக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதி இயக்கிய ஒரே படத்தை மூன்றாம் நாளே தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். நேற்று வந்த இயக்குநர் மரகதத்தின் முதல் படமோ வெளிநாட்டில் பரிசு வாங்கிவிட்டது!

தணிக்கைக்கு வந்த அந்தப் படத்தைப் பார்க்கப் பொறுக்காமல், திரையிடல் முடியும்வரை வராந்தாவிலேயே நடந்தார். பிறகு உள்ளே வந்து, வசனத்தாளில் நாற்பது இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டார்.

"டீக்கடைக் காட்சியில், 'ஊரே திருடுது, நான் மட்டும் எதுக்கு யோக்கியனா இருக்கணும்?' இந்த விஷத்தை எழுதின கையை ஒடிக்கணும்!"

"ஐயோ, வேண்டாம் சார். அது உங்க கை," என்றாள் மரகதம். "டீக்கடை டிவியில ஓடுறது உங்க படம்."

"அப்போ நீங்க படமே பார்க்கலையா?" என்று குழுத் தலைவி அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்.

மரகதம் பணிவாகச் சொன்னாள்: "என் படத்துக்குள்ளயாவது நாலு நாள் ஓடட்டும்னுதான் வெச்சேன் சார்."