ஐந்து மணிக்குள் ஒரு கல்லூரி

"அக்கா, நான் எந்தக் காலேஜ்ல சேரட்டும்?"

வடிவு இதைக் கேட்பது அன்றைக்கு ஒன்பதாவது தடவை.

சினிமா உடை வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு மூன்று கல்லூரிகள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கைபேசியில் ஏதாவது ஒரு பெயரைத் தொட்டுச் சம்மதம் சொல்லவேண்டும். போன வருஷமும் இடம் கிடைத்தது. ஒப்பிட்டு ஒப்பிட்டே தேதியைக் கோட்டைவிட்டாள். இந்த வருஷமும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் கல்லூரியே இல்லை.

ரெஜினா பதில் சொல்லவில்லை. வடிவுக்குச் சினிமா உடைத் தொழில் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது. உதட்டில் இரண்டு ஊக்கைக் கடித்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

ஊக்கை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "பிணம் காத்துக்கிட்டிருக்கு. போய்ச் சட்டை எடு."

வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. அன்றைக்குச் சாவுக் காட்சி. பிணமாக நடிக்கவந்த சிங்காரம், மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

வடிவு அரை மணி நேரம் துணிப்பெட்டியைக் கிளறினாள். சுவரின் நீலத்துக்கு எடுப்பாக ஒரு வெள்ளைப் பட்டுச் சட்டையைத் தேர்ந்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள்.

"இத யாரு எடுத்தா?"

"நான்தான் அக்கா."

"செத்தவருக்கு நீ என்ன வேணும்?"

வடிவு சிங்காரத்தைப் பார்த்தாள்.

"கதையில இவருக்கு யாரு சட்டை எடுத்திருப்பா?"

"பொண்டாட்டி."

"அவ அந்த நேரத்துல சுவத்தோட கலரப் பாத்திருப்பாளா?"

வடிவு திரும்பி ஓடினாள். பெட்டியில் மேலாகக் கிடந்த கட்டம் போட்ட சட்டையை உருவிக்கொண்டு வந்தாள். காலர் நைந்திருந்தது. ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.

ரெஜினா அதை வாங்கி சிங்காரத்துக்கு மாட்டிவிட்டாள்.

"இத எடுக்க எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு நிமிஷம்கூட ஆகல."

"அப்புறம் காலேஜுக்கு மட்டும் ஏன் ரெண்டு வருஷம்?"

வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் அக்கா, ஒரு நிமிஷத்துல எடுத்தேன்."

ரெஜினா கையிலிருந்த ஊக்கைக் கீழே வைத்தாள்.

"குளிப்பாட்டியாச்சு, சேலை கொண்டான்னு எல்லாரும் அவசரப்படுத்துனாங்க. பீரோவத் தொறந்து கைக்கு வந்ததக் குடுத்தேன். அரக்குச் சேலை. எங்க அத்தை ஒரு கல்யாணத்துல அத்தனை பேர் முன்னாடியும் அம்மா மடியில விட்டெறிஞ்ச சேலை. அம்மா அத ஒரு நாள்கூடக் கட்டுனதில்ல. தூக்கிட்டுப் போன பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. அதோடயே எரிச்சுட்டாங்க."

வடிவு தரையில் கிடந்த நூல் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினாள்.

"அதுக்கப்புறம் எனக்கு எதையுமே எடுக்க வரல அக்கா. கடையில ஒரு சோப்பு எடுக்கக்கூடப் பயமா இருக்கு."

அம்மா மனசுக்குள் என்ன நினைத்திருப்பாள் என்று கேட்கக்கூட ஆளில்லை. இந்தத் துக்கத்துக்கு யார் என்ன ஆறுதல் சொல்ல?

"நாலு அம்பத்தஞ்சு ஆச்சும்மா" என்றது பிணம்.

ரெஜினா வடிவின் கைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"அந்த மூணு காலேஜையும் நேர்ல போய்ப் பாத்தியா?"

"பாத்தேன்."

"வாசல்ல கேட்டு இருக்கா?"

"இருக்கு."

"காலையில உள்ள போன பிள்ளைங்க, சாயங்காலம் அது வழியா வெளிய வருதுங்களா? இல்ல, சுடுகாடு மாதிரி உள்ள போறதோட சரியா?"

"வருதுங்க" என்று சொல்லும்போதே வடிவுக்கு அழுகை பீறிட்டது. அழுதுகொண்டே ஒரு பெயரைத் தொட்டாள்.