விண்ணரசியின் கதையில் வரும் அம்மா

சனிக்கிழமை மதியங்களில் கான்வென்ட் நூலக அறையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடிக் கவிதையும் கதையும் எழுதினார்கள். சிஸ்டர் பசிலியா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்றாலும், பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வருஷத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு 'நான் வளர்ந்த கதை' எழுதிவரச் சொல்லியிருந்தார். வந்த கதைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் அம்மா செத்துப்போனாள். ஜெனிட்டா தன் அம்மாவை அடைமழையில் கொன்றிருந்தாள். அவள் வாசித்தபோது எல்லாரும் அழுதார்கள். அந்த அம்மா போன ஞாயிறுதான் டப்பா நிறைய வறுத்த சாளை மீனோடு ஹாஸ்டலுக்கு வந்து, மகளுக்குப் பேன் பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

விண்ணரசி மட்டும் கதையைக் கொடுக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே அம்மா இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பத்திரிகையைத் தைத்துவிட வேண்டும். மற்றவர்கள் எழுந்து போன பிறகு, தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிஸ்டரின் மேசைக்கு வந்தாள்.

"எனக்குச் சாகடிக்கத் தெரியல சிஸ்டர்."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரி வரைக்கும் எழுதிவிடுவதாகச் சொன்னாள். கட்டில், குளுக்கோஸ் பாட்டில், வராண்டாவில் சுவரைப் பார்த்து நிற்கும் அப்பா, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கட்டிலில் படுக்க வைத்ததும் அம்மா பேச ஆரம்பித்துவிடுகிறாள். எத்தனை தரம் அடித்து எழுதினாலும் வாயை மூடுவதில்லை. ஜெனிட்டா படித்துப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு ஒரு சீக்கும் இல்லை, பேசாமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று சொன்னாளாம்.

"அவளுக்கெல்லாம் எழுத வருது. எனக்கு வரலைன்னா நான் என்னத்த எழுதுறவ? எப்படி முடிக்கணும்னு சொல்லிக்குடுங்க."

"அம்மா என்ன பேசுறாங்க? படி."

விண்ணரசி நின்றபடியே படித்தாள்.

"ஏட்டி, பாவாடை கணுக்காலுக்கு மேல ஏறிட்டே, பாக்கலியா? மடிப்பைப் பிரிச்சு இறக்கித் தை. கண்ணாடியைக் கழட்டிட்டுப் படு, நொறுங்கிரப் போவுது. கவிதை எழுதுதியாமே, எவனைப் பத்தி? சும்மா கேட்டேன், முறைக்காத."

அந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் குரல் இறங்கியது.

"நீ பெரியவளானன்னைக்கு யாருட்டி தலைக்குத் தண்ணி ஊத்துனா? மேட்ரனா? வெந்நீர்தானே ஊத்துனா?"

அதற்குமேல் படிக்கவில்லை.

வெளியே கூடைப்பந்துத் திடலில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் அவள் கண்ணாடியைப் பார்த்தார்.

"கண்ணாடி எப்பப் போட்ட?"

"போன வருஷம்."

"அம்மா போனப்ப உனக்கு என்ன வயசு?"

"பத்து."

சொன்ன பிறகுதான் விண்ணரசி தாளைப் பார்த்தாள். பாவாடை, கண்ணாடி, கவிதை, வெந்நீர். ஒன்றுகூட அம்மா கண்டதில்லை. அவள் முகம் சிவந்தது.

"தப்பா எழுதிட்டேன் சிஸ்டர். கட்டில் பக்கத்துல பத்து வயசுப் பிள்ளைல்லா நிக்கணும்."

பேனாவைத் திறந்து முதல் வரியை அடிக்கப் போனாள். சிஸ்டர் தாளின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். பேனா அவருடைய விரலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

"ஏன் அப்படி எழுதின?"

விண்ணரசி பேனாவை மூடினாள். பிறகு தாளைப் பார்த்தே சொன்னாள்.

"அம்மா என்னைப் பாக்கணும்னு இருந்துச்சு."

சிஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பத்திரிகைக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளைத் தாள்களை மொத்தமாக எடுத்து அவள்முன் வைத்தார். அம்மா இன்னும் என்னவெல்லாம் கேட்பார்களோ அதையெல்லாம் எழுது, தைக்கிற வேலையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

விண்ணரசி தாள்களைத் தொடவில்லை.

"முடிவே இல்லாத கதைன்னு சிரிப்பாங்க. கடைசில அம்மா செத்துத்தானே போனாங்க, சிஸ்டர்?"

சிஸ்டர் நாற்காலி ஒன்றை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அது உனக்குத் தெரியும், விண்ணரசி. அம்மாகிட்ட எதுக்குச் சொல்லணும்? பேசட்டும்."