மந்திரியைச் சந்தேகப்பட்ட வலைத்தளம்

மகிழமாறன் ஆண்ட நாட்டில் எல்லாமே நவீனம். சிங்காசனத்தின் அடியிலேயே சார்ஜர் இருந்தது. மனுவைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு யாரும் வரக்கூடாது, எல்லாம் வலைத்தளத்தில்தான். அந்தத் தளத்தைச் செய்துகொடுத்த மந்திரி அனந்தராயருக்கு அன்று சபையில் பொற்பதக்கம் தர ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரே சத்தம். அரசவை விதூஷகன் கூத்தபிரான் எட்டிப் பார்த்தான். பூக்காரி செங்கமலம் கைத்தடியோடு நின்றிருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள்.

"சாயங்காலத்துக்குள்ள தளத்துல பதியலைன்னா சந்தையில என் கடை இடம் போயிடும் சாமி! போனைப் படிக்கவிட்டா 'படம், பொத்தான், படம், பொத்தான்'னு சொல்லுது. எந்தப் பொத்தான் எதுக்குன்னு சொல்ல மாட்டேங்குது. கடைசியில நான் மனுஷிதானான்னு வேற சந்தேகம் அதுக்கு. யானை இருக்கிற கட்டத்தையெல்லாம் தொட்டுக் காட்டணுமாம்!"

கூத்தபிரான் வாசலுக்கு இறங்கி வந்தான். "என் தோளைப் பிடிச்சுக்கோம்மா" என்று நேரே சபைக்கே அழைத்துப்போனான்.

"அபாண்டம்!" என்று குதித்தார் மந்திரி. "பார்வையற்றோருக்கும் சரிவருமா என்று முறைப்படி சோதித்தாயிற்று. என் அதிகாரிகள் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். எல்லாரும் தேறிவிட்டார்கள்."

"எந்தத் துணியால் கட்டினீர்கள்?" என்று கேட்டான் விதூஷகன்.

"மெல்லிய மல் துணி."

"அடடா, அதிகாரிகளுக்குக் கண் உறுத்தக்கூடாதே!" என்றான் கூத்தபிரான்.

"பார்வை இல்லாதவங்க ஊர்ல இத்தனை பேர் இருக்கோம். எங்களை ஏன் கூப்பிடலை?" என்று கேட்டாள் செங்கமலம்.

"உங்களை வைத்து எப்படியம்மா சோதிப்பது? தப்புத் தப்பாக அழுத்துவீர்களே!"

சபை மொத்தமும் ஆமாம் என்று தலையாட்டியது. எல்லாரும் பெரிய படிப்பு படித்தவர்கள், பாவம்.

"மன்னா, இப்பேர்ப்பட்ட சாதனைக்குப் பதக்கத்தைச் சும்மா கையில் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?" என்றான் கூத்தபிரான். "கண்ணைக் கட்டிக்கொண்டு, தம் தளத்திலேயே விண்ணப்பித்து வாங்கட்டும். நாடே மெச்சும்!"

மன்னருக்கு ஏகக் குஷி. மந்திரி அவசரமாக மல் துணியைத் தேடினார். அதற்குள் கூத்தபிரான் தன் தலைப்பாகையை அவிழ்த்துச் செங்கமலத்திடம் நீட்டினான். பூக்கட்டும் விரல்கள் அல்லவா, முடிச்சு இறுகிவிட்டது.

"படம், பொத்தான், படம்" என்றது போன். மந்திரி எதையோ அழுத்தினார். "உங்கள் எருமையின் தடுப்பூசிக்கு நேரம் ஒதுக்கப்பட்டது" என்றது. பதறிப்போய் வேறெதையோ தொட்டார். யானைக் கட்டங்கள் வந்தன. சிங்காசனத்தில் இருந்தவருக்குத் தெரிந்தது, மந்திரிக்குத் தெரியவில்லை. அழுத்து அழுத்தென்று அழுத்தினார்.

"மன்னிக்கவும். நீங்கள் மனிதர் என்பது உறுதியாகவில்லை."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "செங்கமலத்தின் கடை இடம் அவளுக்கே! இனி அவளும் அவளைப் போன்றவர்களும் சோதித்துச் சரி என்ற பிறகுதான் எந்தத் தளமும் திறக்கும். அவர்களுக்குச் சம்பளமும் உண்டு. அனந்தராயரே, அந்தத் தளத்தில் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் திருத்தும்!"

"எல்லாவற்றையும் வேண்டாம் மன்னா" என்று கைகூப்பினான் கூத்தபிரான். "மந்திரியைப் பற்றிச் சொன்ன அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடுங்கள். தளம் சரியாகக் கண்டுபிடித்தது அது ஒன்றைத்தான்."